கரண்டி விழுந்த இடம்

அரிசியில் கல் பொறுக்குகிறோம். கீரையில் பழுத்த இலையைக் கிள்ளி எறிகிறோம். களத்தில் பதரைத் தூற்றிவிடுகிறோம். இவற்றிலெல்லாம் ஒதுக்கப்படும் பொருளில் ஒரு குறை இருக்கிறது. அக்குறையைக் கண்ணால் காண்கிறோம். ஆகவே கை தயங்குவதில்லை. ஆனால் ஒதுக்கப்படுவதற்கும் வைத்துக்கொள்ளப்படுவதற்கும் இடையே எள்ளளவும் வேறுபாடு இல்லாத நிலையில், ஒன்றை எடுத்து மற்றொன்றைத் தள்ளியே ஆக வேண்டுமென்றால், அதை எந்த மனத்தோடு செய்வது? செய்தபின், தள்ளப்பட்டதைப் பற்றி என்ன சொல்வது? இறையியல் வகுப்புகளில் இக்கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். விடைகளையும் எழுதித் தேர்வில் வென்றிருக்கிறேன். ஆயினும் அது என்னை உண்மையாகவே பிடித்து உலுக்கியது ஒரு மூதாட்டியின் சமையலறையில்தான்.

2021 முதல் மூன்றாண்டுகள் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகரை அடுத்த ஒரு பங்கில் உதவிப் பணியாளனாக இருந்தேன். மெக்சிக்கோ எல்லை அங்கிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பங்கு மக்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பாலுள்ள சோனோராப் பகுதியிலிருந்து சில தலைமுறைகளுக்கு முன் வந்தவர்களின் வழித்தோன்றல்கள். எண்பது வயதை நெருங்கிய கைம்பெண் ஒருவர் பீடத்துணிகளைத் துவைத்துத் தேய்த்துக் கொண்டுவந்து தருவார். வியாழன் மாலைத் திருப்பலி முடிந்ததும் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்து உணவளிப்பது அவர் வழக்கம். என் அரைகுறை ஸ்பானிய மொழியைப் பொறுத்துக்கொண்டு பேசியவர்களுள் அவரே முதல்வர்.

அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒரு கண்ணாடிச் சாடி இருந்தது. அதனுள் சாம்பல் நிறம் கலந்த வெண்மையான கூழ். 2020-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்த எத்தனையோ பேரைப் போல அவருடைய பேத்தியும் புளிமா ரொட்டி சுடக் கற்றுக்கொண்டாள். பிறகு கல்லூரி திறந்தது, அவள் போய்விட்டாள், சாடி பாட்டியிடம் தங்கிவிட்டது. ‘மாசா மாத்ரே’ என்று அதற்குப் பெயர். ‘தாய்மாவு’ என்று நாம் சொல்லலாம். கோதுமை மாவையும் நீரையும் சம அளவில் கலந்து வைத்தால், மாவிலேயே உறங்கிக்கிடக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்களும் புளிப்பூட்டும் பாக்டீரியாக்களும் சில நாள்களில் விழித்துக்கொள்கின்றன. பாலுக்கு உறை ஊற்ற ஒரு கரண்டித் தயிரை எடுத்து வைக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புளிப்பு என்பது உயிர்களின் வேலை என்பதை லூயி பாஸ்டர் 1857-இல் எடுத்துக்காட்டினார். அதற்கு முன் ஆயிரமாயிரம் ஆண்டுகள் மனிதர் அதைக் காரணம் அறியாமலேயே காப்பாற்றி வந்தனர். சான் பிரான்சிஸ்கோ நகரின் புளிமாவில் வாழும் பாக்டீரியாவைத் தனித்துப் பிரித்தறிந்து, அந்நகரின் பெயரையே அதற்குச் சூட்டியது 1971-இல்தான்.

தாய்மாவை உயிரோடு வைத்திருக்க அதற்கு உணவூட்ட வேண்டும். அதன் எடைக்கு எடை மாவும், எடைக்கு எடை நீரும். இங்கேதான் சிக்கல். 50 கிராம் தாய்மாவுக்கு இவ்வாறு ஊட்டினால் அது 150 கிராம் ஆகிறது. மறுநாள் அந்த 150 கிராமுக்கு ஊட்டினால் 450. எதையும் எடுத்துவிடாமல் ஊட்டிக்கொண்டே போனால் ஏழாம் நாள் 109 கிலோ. இரண்டாம் வாரம் முடியும்போது 239 டன். எத்துணை இளகிய மனம் படைத்தவரானாலும் இந்தக் கணக்கை வெல்ல இயலாது. ஆகவே ஊட்டுவதற்கு முன் ஒரு பெரும்பகுதியை எடுத்துவிடுகிறார்கள். எடுத்துவிடாவிட்டால் எஞ்சியதும் பட்டினியால் நலிந்துபோகும்.

முதன்முறை அவர் இதைச் செய்தபோது நான் அருகில் நின்றேன். “பாதியை எடுத்துவிட வேண்டும், பாத்ரே” என்றார்.

“எந்தப் பாதியை? மேலே இருப்பதையா, அடியில் இருப்பதையா? எது கெட்ட பாதி?” என்று கேட்டேன்.

அவர் என்னைச் சற்று வியப்போடு பார்த்தார். “கெட்ட பாதி என்று ஒன்றும் இல்லை. எல்லாம் ஒன்றுதான். கரண்டி எங்கே விழுகிறதோ, அதுதான் வெளியே போகிறது.”

சொல்லிவிட்டு அவர் வேலையைத் தொடர்ந்தார். வெளியே எடுத்ததை அவர் குப்பையில் கொட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தார். அதில் மாவும் உப்பும் பன்றிக் கொழுப்பும் சேர்த்துப் பிசையத் தொடங்கினார். டோர்ட்டியா சுடப்போகிறார்!

டோர்ட்டியா என்றதும் பலருக்கும் சோளம் நினைவுக்கு வரும். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துத் தட்டும் டோர்ட்டியாவே மெக்சிக்கோவின் தொன்மையான உணவு. சோனோராவும் அதனையடுத்த அரிசோனாவும் மட்டும் இதில் சற்று மாறுபட்டவை. அங்கே கோதுமை டோர்ட்டியாவுக்கே முதலிடம். கோதுமை அந்நிலத்துக்கு உரியதன்று. 1687-இல் அங்கு வந்த இயேசு சபைக் குரு எவுசேபியோ கீனோ தாம் அமைத்த மறைத்தளங்களில் விதைகளைப் பகிர்ந்து கோதுமையைப் பரப்பினார். குளிர்காலத்தில் வளரும் பயிராதலால், சோளம் தீர்ந்துபோய் மக்கள் பசித்திருக்கும் மாதங்களில் அது கைகொடுத்தது. டூசானுக்குத் தெற்கே இன்றும் வெண்ணிறத்தில் நிமிர்ந்து நிற்கும் சான் சேவியர் தெல் பாக் ஆலயத்தின் பெயர் அவர் இட்டது. 1542-இல் நம் முத்துக்குளித்துறைக்கு வந்த அதே சவேரியாரின் பெயர்! அந்தப் பாலைவனத்தில் அப்பெயரைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட உவகையை நம் கடற்கரை மக்கள் அறிவர். கீனோவின் உள்ளம் முதலில் நாடியது சீன நாட்டை. அவரையும் உடன்சென்ற இன்னொருவரையும் கிழக்குக்கு ஒருவர், மெக்சிக்கோவுக்கு ஒருவர் என அனுப்ப வேண்டியிருந்தது. யார் எங்கே என்பதைச் சீட்டுப்போட்டுத் தீர்த்தனர். கீனோவுக்கு மெக்சிக்கோ விழுந்தது. 2020-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தார். 1767-இல் ஸ்பெயின் அரசர் இயேசு சபையாரைத் தம் ஆட்சிப்பகுதிகள் அனைத்திலிருந்தும் வெளியேற்றியபோது அந்த மறைத்தளங்களின் குருக்களும் அகற்றப்பட்டார்கள். கோதுமை அங்கேயே தங்கிவிட்டது.

மூதாட்டி எதையும் அளந்து போடுகிறவர் அல்லர். நான் பிற்பாடு அளந்து எழுதிவைத்துக்கொண்ட கணக்கு இது: 300 கிராம் மைதா மாவு, 150 கிராம் ஒதுக்கிய தாய்மாவு, 60 கிராம் கொழுப்பு, ஒரு தேக்கரண்டி உப்பு, ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர். பன்றிக் கொழுப்புக்குப் பதில் வெண்ணெயோ எண்ணெயோ சேர்க்கலாம். கொழுப்பை முதலில் மாவில் விரலால் உதிர்த்துக் கலந்து, பின் தாய்மாவும் நீரும் விட்டுப் பிசைந்து, துணி மூடி ஒரு மணி நேரம் வைக்க வேண்டும். பிறகு எட்டு உருண்டைகள். நம் சப்பாத்தியைவிட மெல்லியதாக, ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து, கோமால் என்னும் இரும்புக் கல்லை நன்றாகக் காயவைத்து, பக்கத்துக்கு அரை நிமிடம் போட்டு எடுக்கிறார்கள். அங்கங்கே கொப்புளித்துப் பழுப்புப் புள்ளிகள் விழுந்ததும் எடுத்துத் துணியில் சுற்றி வைக்கிறார்கள். புளிப்பு மாவைத் தளர்த்துவதால் தேய்க்கும்போது அது சுருங்கி இழுத்துக்கொள்வதில்லை. சுவையில் மெல்லிய புளிப்பு. வயதான அக்கைகளுக்கு அந்தத் தளர்ச்சி பெரிய உதவி என்று அவர் சொன்னார்.

உண்டுகொண்டிருந்தபோதுதான் ஒன்று எனக்கு உறைத்தது. தாய்மாவு வளர்க்கப்படுவது ரொட்டியை உப்பவைக்க. டோர்ட்டியாவோ உப்ப வேண்டாத அப்பம். எந்த வேலைக்காக இந்த மாவு நாள்தோறும் ஊட்டி வளர்க்கப்பட்டதோ, அந்த வேலை இங்கே அதற்கு இல்லை. ஆயினும் அது இங்கே வீண் அன்று. புளித்த மாவினால் ஆன தட்டை அப்பம்! இதை 1054-இல் கீழைத் திருச்சபையாருக்கும் நமக்கும் இடையே புளித்த அப்பமா, புளியாத அப்பமா என்று மூண்ட பூசலின்போது யாராவது மேசைமீது வைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிச் சிரித்துக்கொண்டேன். இரண்டுமே நற்கருணைக்கு ஏற்றவை என்று 1439-இல் புளோரன்ஸ் பொதுச்சங்கம் அறிவிக்கும் வரை, ஒரு தரப்பு மற்றதன் அப்பத்தைக் குறைபட்டதாகவே பேசிவந்தது. தான் தேர்ந்துகொண்டது நல்லது என்று சொல்வதோடு மனிதர் நிற்பதில்லை. தேர்ந்துகொள்ளாதது கெட்டது என்றும் சொன்னால்தான் அவர்களுக்கு நிம்மதி.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. “கெட்ட பாதி என்று ஒன்றும் இல்லை” என்ற சொல் இருபது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய ஒரு கடிதத்தை நினைவூட்டிவிட்டது.

2002-ஆம் ஆண்டு. இளங்குருமடத்துக்கு மாணவரைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் நானும் ஒருவன், அனைவரிலும் இளையவன். வந்தவர்களில் பெற்றோரின் விருப்பத்துக்காக மட்டும் வந்தவர்கள் தாமாகவே விலகிவிட்டனர். மருத்துவர் சிலரை நிறுத்தினார். இறுதியில் ஒன்பது பேர் நின்றார்கள். அவ்வாண்டு இருந்தவை எட்டுக் கட்டில்கள். எட்டாவது இடத்துக்கு இருவர். மதிப்பெண்ணில் இரண்டு மூன்று எண்களே வேறுபாடு. இருவரும் பீடச் சிறுவர்கள். இருவரும் தெளிவாகப் பேசினர். ஒருவனின் சிற்றப்பா எங்களுக்குத் தெரிந்த குரு. அவனையே எடுத்தோம். ஆம், கரண்டி தானாக விழவில்லை, சற்றே சாய்ந்தது. தகுதியைப் பார்க்காமல் ஆளைப் பார்த்துப் பங்கிடுவது நீதிக்கு எதிரான பாவம் என்று புனித தோமா அக்குவினா எழுதியதைப் படித்து ஆறு ஆண்டுகள்கூட அப்போது எனக்கு ஆகவில்லை.

ஆனால் என் மனச்சான்றை இன்று அதிகம் உறுத்துவது அந்தச் சாய்வு அன்று; அதன்பின் செய்தது. பதிவேட்டில் ‘காரணம்’ என்றொரு கட்டம் இருந்தது. கட்டில் இல்லை என்று எழுதலாமா என்று மூத்தவர் ஒருவரைக் கேட்டேன். அது அழகாக இராது என்றார். எனவே “இறையழைத்தலுக்கான தெளிவான அடையாளங்கள் தென்படவில்லை” என்று எழுதினேன். அதையே கடிதமாகவும் எழுதி அவன் பங்குக்கு அனுப்பினேன். பத்து நாள் கழித்து அவன் தாய் இரண்டு பேருந்து மாறி வந்து நின்றார். கையில் அக்கடிதம். “சாமி, எம்புள்ளகிட்ட என்ன கொறன்னு சொல்லுங்க, திருத்திப்புடுறோம்” என்றார். நான் சொன்னது: “கடவுள் அவனுக்கு வேறு திட்டம் வைத்திருப்பார், அம்மா.” அவர் தலையைக் குனிந்து ஆசி பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

மறையுரை மேடையில் நான் நூறு முறை சொல்லியிருக்கும் வாக்கியம் அது. பொய்யன்று, இறைவனின் திட்டம் எவருக்கும் உண்டு. ஆனால் தள்ளியவன் வாயிலிருந்து அது வரும்போது அதன் பொருள் மாறிவிடுகிறது. தள்ளிய கை தன் பொறுப்பைக் கடவுளின் கையில் திணித்துவிட்டு வீடு போய்ச் சேருகிறது.

திருத்தூதர் பவுல் இந்தக் கேள்வியை எவ்வளவு நெருங்கிச் சென்றிருக்கிறார் என்பதை அதன்பின்தான் கவனித்தேன். உரோமையருக்கு எழுதிய திருமுகம் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரே களிமண்ணைக் கொண்டு மதிப்புள்ள கலத்தையும் மதிப்பற்ற கலத்தையும் வனையக் குயவனுக்கு உரிமை இல்லையா என்கிறார். பதினோராம் அதிகாரத்தில், முதற்படையலாகக் கிள்ளி எடுக்கப்பட்ட மாவு தூயதாயின், பிசைந்த மாவு முழுவதும் தூயதே என்கிறார். களிமண் திரளுக்கும் மாவுத் திரளுக்கும் கிரேக்க மூலத்தில் ஒரே சொல்தான். முன்னதில் நாம் காண்பது குயவனின் உரிமை. அதை எடுத்துக்காட்ட நம் போன்ற அதிகாரிகள் ஒருபோதும் மறப்பதில்லை. பின்னதில் காண்பது, கிள்ளி எடுத்ததற்கும் எஞ்சியதற்கும் இடையே உள்ள உறவு. அதுவும் தள்ளப்பட்டதாக மற்றவர் கருதிய இஸ்ரயேலைப் பற்றிப் பேசுகையில் பவுல் இதைச் சொல்கிறார். தேர்ந்துகொள்ளப்பட்ட பிடி தூயது என்பதே எஞ்சியதும் தூயது என்பதற்குச் சான்று. நான் பதிவேட்டில் எழுதியது இதற்கு நேர்மாறு.

இறைவன் ஏன் இன்னாரைத் தேர்ந்தார் என்னும் கேள்விக்குப் புனித தோமா ஒரு கட்டடக்காரரைக் காட்டுகிறார். ஒரே தன்மையுடைய கற்களில் இந்தக் கல் சுவரின் இந்தப் பகுதியிலும், அந்தக் கல் அந்தப் பகுதியிலும் வைக்கப்படுவது கட்டுகிறவரின் விருப்பம் ஒன்றையே சார்ந்தது என்பார். அவர் அங்கே ஆராயும் பொருள் இதைவிடக் கடினமானது. அதற்குள் நான் புகவில்லை. ஆனால் உவமையைக் கவனியுங்கள்: இரண்டு கற்களும் சுவரில்தான் இருக்கின்றன!

யூதாசின் இடத்துக்கு ஒருவரைத் தேர்ந்த நிகழ்ச்சியும் நினைவுக்கு வருகிறது. தகுதி பெற்றவர் இருவர்: யுஸ்து என்னும் பெயர்கொண்ட யோசேப்பு பர்சபா ஒருவர், மத்தியா மற்றவர். இடம் ஒன்று. திருத்தூதர்கள் மன்றாடிவிட்டுச் சீட்டுப் போட்டார்கள். சீட்டு மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. யுஸ்துவிடம் குறை கண்டதாக லூக்கா ஓர் எழுத்தும் எழுதவில்லை. அவருடைய பெயருக்கே ‘நேர்மையாளர்’ என்பதுதானே பொருள்? அந்த அதிகாரத்துக்குப் பின் திருத்தூதர் பணிகள் நூலில் மத்தியாவின் பெயரும் இல்லை, யுஸ்துவின் பெயரும் இல்லை. தேர்ந்தவரையும் தேராதவரையும் ஒரே மௌனம் மூடிக்கொள்கிறது. உரோமை மறைசாட்சியர் பட்டியல் ஜூலை 20-இல் யுஸ்துவையும் நினைவுகூர்கிறது. சீட்டுப்போடுவதே முறை என்று நான் வாதாட வரவில்லை. சீட்டு விழாதவரைப் பற்றி அவர்கள் கதை கட்டவில்லை என்பதே நான் கண்டது.

இங்கே எவரும் என்னைத் தவறாகப் புரிந்துகொள்ளலாகாது. கெட்ட மாவு என்று ஒன்றுண்டு. சாடியில் இளஞ்சிவப்பு வரி ஓடினாலோ, பஞ்சுபோல் பூசணம் படர்ந்தாலோ அந்த மூதாட்டி கிண்ணத்தைத் தேடமாட்டார்; மொத்தத்தையும் கொட்டிவிட்டுச் சாடியை வெந்நீரில் கழுவுவார். கொரிந்தியருக்குப் பவுல் பழைய புளிப்பு மாவை அகற்றச் சொன்னது அத்தகையதைத்தான். அங்கே அவர் தீமையையும் பரத்தைமையையும் பெயர் சொல்லியே சுட்டுகிறார். பூசணம் பிடித்ததைப் பூசணம் என்றுதான் சொல்ல வேண்டும். சிறாருக்குத் தீங்கிழைத்த குருக்கள் சிலரைப் பணி மாற்றம் என்ற பெயரில் ஊர் விட்டு ஊர் அனுப்பிய காலங்களில், உலகின் பல பகுதிகளில் திருச்சபை அதிகாரிகள் செய்த தவறு இதுவே. குறை இருந்த இடத்தில் அவர்கள் குறையை எழுதவில்லை. குறை இல்லாத இடத்தில் நான் குறையை எழுதினேன். இரண்டும் ஒரே பொய்யின் இரண்டு பக்கங்கள் என்பது எனக்குக் காலம் கடந்தே விளங்கியது. இரண்டிலும் நாங்கள் காத்துக்கொண்டது எங்கள் நிறுவனத்தின் அழகை.

தள்ளுவதே கூடாது என்று கூறுவாரும் உளர். அவர்கள் 239 டன் மாவை எங்கே வைப்பார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பள்ளியில் இடம் அறுபது, விண்ணப்பம் முந்நூறு. மருத்துவமனையில் மூச்சுக் கருவி இரண்டு, நோயாளிகள் ஐவர். 2021-ஆம் ஆண்டின் கோடையில் இந்தியாவில் உயிர்வளி உருளைக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எல்லைக்குட்பட்ட உலகில் தேர்ந்தே ஆக வேண்டும். தேர்ந்தவன் கை அழுக்காகிவிட்டதென்று நான் கருதவில்லை. அந்த மூதாட்டியும் கரண்டியை எடுக்கும்போது கண்ணீர் விட்டதில்லை. ஆனால் எடுத்ததைக் கெட்டது என்று அவர் சொன்னதும் இல்லை. எடுத்த கையாலேயே அதற்கு மாவு சேர்த்துப் பிசைந்தார். அவருக்குத் தேவைக்கு மேல் டோர்ட்டியா சேர்ந்துவிட்டால் துணியில் சுற்றி, பக்கத்து வீட்டு முதியவருக்கும் எனக்கும் கொடுத்தனுப்புவார். ஒரு வாரம் வெளியூர் போகையில் சாடிக்கு ஊட்டாமல் குளிரில் வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது அதன்மேல் கருநிற நீர் நின்றது. பசி நீர் அது. கலக்கிவிட்டு ஊட்டினால் போதும் என்று சொல்லிவிட்டார். நான் அதைக் கெட்டதென்றே தீர்மானித்திருப்பேன். குறையைக் காண நான் எப்போதும் விரைவாகவே இருந்திருக்கிறேன்.

அப்பம் பலுகிய நிகழ்ச்சியில் யோவான் ஒரு சொல்லைக் கையாளுகிறார். மக்கள் வயிறார உண்டபின், எதுவும் வீணாகாதபடி எஞ்சிய துண்டுகளைச் சேர்த்து வைக்கும்படி ஆண்டவர் சீடரிடம் கூறுகிறார். அதே அதிகாரத்தில் சற்றே கீழே, தந்தை தம்மிடம் ஒப்படைத்தவர்களுள் எவரையும் தாம் இழந்துவிடலாகாது என்கிறார். துண்டுகள் ‘வீணாவதற்கும்’ மனிதரை ‘இழப்பதற்கும்’ கிரேக்கத்தில் ஒரே வினைச்சொல். வாற்கோதுமை அப்பத் துண்டுகளைப் பற்றிப் பேசும்போதே அவர் மனிதரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாரோ என்று தோன்றுகிறது. அத்துண்டுகளைப் பொறுக்கியவர்கள் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். வேறு ஆள் வைக்கவில்லை. அந்தச் சீடர்களே குனிந்து பொறுக்கினார்கள். பன்னிரண்டு கூடை. பன்னிரு சீடர். ஆளுக்கொரு கூடை சுமந்திருப்பார்கள்.

நாடு திரும்பியதும் அவனைத் தேடினேன். அவன் ஊரின் பங்குத்தந்தை வழியாக முகவரி கிடைத்தது. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறானாம். மணமாகி இரண்டு பிள்ளைகள். ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறானாம். இதைக் கேட்டதும் என் மனம் உடனே தாவியது எங்கே தெரியுமா? ‘பார்த்தாயா, கடவுளின் திட்டம்!’ என்று. அந்த நிம்மதியை எடுத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை என்று என்னை நானே நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவன் நன்றாக இருப்பது அவனுடைய உழைப்பும் இறைவனின் அருளும். என் கடிதத்தின் நற்பயன் அன்று.

கடந்த தவக்காலத்தில் அவனுக்கு எழுதினேன். நான்கைந்து முறை கிழித்துப்போட்டபின் எஞ்சியது இவ்வளவுதான்: அன்று உன்னிடம் குறை எதையும் நாங்கள் காணவில்லை, இடம் எட்டு, நீங்கள் ஒன்பது பேர், உன்னைவிட இன்னொருவனை எங்களுக்குத் தெரிந்திருந்தது, காரணம் என்று நான் எழுதியது உண்மையன்று, உன் தாயிடம் நான் சொன்னதும் உண்மையை மறைக்கச் சொன்னது.

ஆறு வாரம் கழித்து அஞ்சலட்டையில் பதில் வந்தது. எழுத்து அழகாக இருந்தது. கடிதம் கிடைத்தது, நன்றி என்று எழுதியிருந்தான். அம்மா இறந்து ஆறு ஆண்டு ஆகிறதாம். கடைசி வரை அந்தக் கடிதத்தைச் செபப் புத்தகத்தில் வைத்திருந்தாராம். ‘உன்கிட்ட அப்படி என்ன கொறையப் பாத்தாங்கன்னு மட்டும் தெரியலையே’ என்று அவ்வப்போது கேட்பாராம்.

வரும் நவம்பரில், கல்லறைத் திருநாளன்று, அவன் ஊருக்கு நான் வரலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறேன்.